மூலையில் தெரிந்த சின்ன முகம்

கிளமெண்ட் மிராந்தா முதல் தடவை செத்துப்போன அன்றைக்குச் சந்தியாகப்பர் கோயில் தெருவே அவர் வீட்டு வாசலில் நின்றது. தூத்துக்குடியில் பழைய துறைமுகத்தை ஒட்டி, மீன் வாடையையும் டீசல் வாடையையும் பிரித்துச் சொல்ல முடியாதபடி காற்று வீசுகிற தெரு அது. ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீட்டில் ‘ஆண்டவரே’ என்பார்கள். அப்படிப்பட்ட தெருவில், சாமியார் ஒரு செபத்தை முடித்து அடுத்த செபத்துக்குப் பக்கத்தைப் புரட்டிய நேரம், அழுதுகொண்டிருந்த பெண்கள் மூச்சு வாங்க நிறுத்திய அதே நேரம், மேலே சுற்றிய மின்விசிறிகூட கரண்டு போய் நின்றுவிட்ட அந்த ஒரு கணத்தில், சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்றிருந்த எமரன்சி தன் புருசன் முகத்தைப் பார்த்து, “அப்பாடா” என்று சொன்னாள்.

சொல்ல வேண்டுமென்று சொன்னதல்ல. பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுக்க விழுந்து, வாய் கோணி, பேச்சும் போய்க் கிடந்த மனுசனை வருசக்கணக்காகப் புரட்டிப் போட்டு, துடைத்து, முதுகில் புண் வராமல் பவுடர் போட்டு, கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டி, அவர் துப்பியதைத் தன் சேலையிலேயே துடைத்துச் சேர்ந்த அலுப்பு அது. நாக்கு சொல்லவில்லை, அவள் இடுப்பு சொன்னது, தோள்பட்டை சொன்னது. ஆனால் கேட்டவர்களுக்கு நாக்கென்ன, இடுப்பென்ன? சாமியார் புரட்டிய பக்கத்தில் விரலை வைத்தபடி அப்படியே நின்றார். கிளமெண்டின் அக்கா தெக்லா, கண்ணைத் துடைத்த முந்தானையைக் கீழே விட்டுவிட்டுத் தம்பி பெண்டாட்டியை மேலும் கீழும் பார்த்தாள். எமரன்சிக்குக் காதுமடல் சுட்டது. புருசன் செத்த துக்கத்தைவிட இந்தச் சூடு பெரிதாக இருக்கிறதே என்று தோன்றியதும் இன்னும் சுட்டது.

ஆண்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலைத் தாண்டும்போது பெட்டி திடீரென்று லேசாகி, தூக்கியவர்களின் தோள்கள் தன்னால் மேலே எழும்பின. இறக்கித் திறந்து பார்த்தால் கட்டியிருந்த வேட்டியும் போட்டிருந்த சட்டையும் விரல்களில் சுற்றிவிட்ட செபமாலையும் கிடந்தன, ஆள் இல்லை. அதே சமயம் இங்கே வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்த எமரன்சி, வாளித் தண்ணீரைத் தெருவில் ஊற்ற வெளியே வந்தாள். அந்த வீட்டின் முன்னறைதான் கிளமெண்டின் கடை, ‘மிராந்தா டிவி கேம்ஸ்’. அதன் ஷட்டருக்கு முன்னால், கடை திறந்த நாளில் போட்டிருந்த கோடுபோட்ட சட்டையோடு கிளமெண்ட் நின்றுகொண்டிருந்தார். தெரிந்தார், மறைந்தார், தெரிந்தார், மறைந்தார். தெருநாய் ஒன்று அவர் முழங்காலுக்குள் புகுந்து அந்தப் பக்கமாக வெளியேறித் தன் பாட்டுக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் மினுக்கல் அடங்கி, நரைத்த தலையும் நேரான வாயும் திடமான வலது கையுமாக முழு மனுசனாக நிலைத்தார்.

“எமி, சாவிய எங்கட்டி வச்ச?” என்றார். “இன்னைக்குத்தான கட தெறக்கணும், சாமி மந்திரிக்க வந்துருவாரே.”

எமி என்று அவர் கூப்பிட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. எமரன்சி வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையோடு உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து கொடுத்தாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

தெருவுக்கும் முதலில் தெரியவில்லை, ஆனால் தெரு சீக்கிரமாகவே தெரிந்துகொண்டது. சாமியார் வந்து கிளமெண்டின் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “உயிர்த்தெழுதல் அது இதுன்னு யாரும் வாயத் தெறக்கக் கூடாது, அது ஒருத்தருக்கு மட்டும் உள்ளது, இவரு திரும்பி வந்திருக்காரு, அவ்வளவுதான்” என்று தீர்த்துச் சொன்னார். ஊர்க் கமிட்டித் தலைவர் ஹென்றி கோமஸ், தோண்டிய குழியைத் தூர்ப்பதா வேண்டாமா என்று யோசித்து, மூடி, பேர் எழுதிய சிலுவையையும் நட்டுவைப்போம், எப்படியும் ஒருநாள் ஆகப்போகிற இடம்தானே என்றார். துக்க வீட்டுச் சாப்பாட்டுக்கு வாங்கியிருந்த ஆடு வரவேற்பு விருந்துக்கு அறுபட்டது, அதே கொட்டகையில், அதே நாற்காலிகளில். மாலைகளை மட்டும் பெண்கள் ஒளித்துவைத்தார்கள், சவத்துக்குப் போட்டதை உயிரோடிருக்கிறவர் கண்ணில் காட்டலாமா என்று. சாப்பிட்டுக் கை கழுவிய ஒவ்வொருவரும் எமரன்சியைப் பார்த்து, “கொடுத்துவச்சவ” என்றார்கள். சொல்லிவிட்டு, அவள் சொன்ன அந்த வார்த்தை ஞாபகம் வந்து, வேறெங்கோ பார்த்தார்கள்.

கிளமெண்டுக்குக் கடை திறந்த நாள் வரைக்கும்தான் நினைவிருந்தது. அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவர் தலையில் இல்லை. “அம்மா எங்கக்கா?” என்று தெக்லாவிடம் கேட்டார், தெக்லா, அம்மா போய்ப் பத்துப் பதினைந்து வருசமாகிவிட்டதே என்று கட்டிப்பிடித்து அழுதாள், என்றோ அழுது முடித்த சாவுக்குக் கிளமெண்ட் புதிதாக அழ, தெருவும் பின்னாலேயே இன்னொரு தடவை அழுதது. பக்கவாதத்தைச் சொன்னார்கள், செத்ததைச் சொன்னார்கள், பெட்டி லேசானதைச் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் “அப்படியா” என்று கேட்டுக்கொண்டார். எமரன்சி சொன்ன ஒற்றை வார்த்தையை மட்டும் யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லாமலிருக்கத் தெரு தனக்குள்ளேயே முடிவு செய்துகொண்டது, கூட்டம் போடாமல், பேசாமல்.

அவருக்கு இன்னும் எத்தனை உயிர் பாக்கி இருக்கிறது என்பதையும் தெருவே கண்டுபிடித்தது. கடையின் பழைய டிவியில் எந்தக் கேசட்டைச் சொருகினாலும், ஆட்டக்காரனுக்கு மிச்சமிருக்கிற உயிர்களைக் காட்டுகிற வலது மூலையில், அவன் முகம் இருக்க வேண்டிய இடத்தில், சதுரம் சதுரமாக ஒரு சின்ன முகம் வந்து நின்றது. நரைத்த மீசை, முன்வழுக்கை, பக்கத்தில் இரண்டு என்று எண். கிளமெண்டுக்கு அது தன் முகமாகத் தெரியவில்லை, சீனாக்காரன் போட்ட படம் என்று நினைத்துக்கொண்டார். மற்றவர்கள் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், தலையாட்டினார்கள். வாழ்நாள் முழுக்க அந்த விளையாட்டுப் பெட்டிகளோடேயே இருந்தவருக்கு அந்தப் பெட்டிகளின் கணக்கு வாய்த்ததில் யாருக்கும் பெரிய ஆச்சரியம் இல்லை.

ஆம், வாழ்நாள் முழுக்க. கப்பலில் போய்வந்த மாமா ஒருவர் கொண்டுவந்து கொடுத்த முதல் பெட்டியில் மரப்பலகை மாதிரி முகப்பும், திருகுகிற இரண்டு குமிழும் இருந்தன. டிவியில் மாட்டினால் கறுப்புத் திரையில் இரண்டு வெள்ளைக் கோடு, நடுவே ஒரு வெள்ளைப் புள்ளி. கோட்டால் புள்ளியைத் தட்ட வேண்டும், உலகமே அவ்வளவுதான். பிறகு கேசட் போடுகிற பெட்டிகள் வந்தன. ஆயிரம் ஆட்டம் என்று மஞ்சள் கேசட்டின் மேல் அச்சடித்திருக்கும், ஆடிப் பார்த்தால் ஏழெட்டு ஆட்டங்களே வேறு வேறு பெயரில் சுற்றிச் சுற்றி வரும். படம் வராவிட்டால் கேசட்டை உருவி அடிவாயில் ஊதிச் சொருக வேண்டும். திரையில் பறக்கிற வாத்தைச் சுடத் துப்பாக்கி வந்தது. கையிலேயே வைத்து ஆடுகிற, மேலிருந்து கட்டைகள் விழுகிற சின்னப் பெட்டி வந்தது. அதற்கப்புறம் பாசிப் பச்சைத் திரைக்குள் ஒரு முழு ராஜ்யத்தையே வைத்திருந்த, டியூப்லைட்டுக்கு நேரே பிடித்தால்தான் கண்ணுக்குத் தெரிகிற கையடக்கப் பெட்டி வந்தது. நிறம் கூடியது, சத்தம் பாட்டானது, கேசட் போய் வட்டத் தட்டு சுழன்றது. அப்புறம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் போன் வந்து, கடைக்கு யாரும் வராமலானார்கள். அப்போதும் கிளமெண்ட் ஒவ்வொரு பெட்டியையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து வரிசையாக அடுக்கி, யாருமில்லாத கடையில் உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குள் இருந்த எமரன்சியோடு பேச அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை, அவளுக்கும் இருக்கவில்லை. அப்படியிருந்த ஒருநாள்தான் ஸ்டூலிலிருந்து சரிந்து விழுந்தார்.

இப்போது அவருக்குத் தெரிந்ததெல்லாம் கோட்டையும் புள்ளியையும் முதல் கேசட் பெட்டியையும்தான். அலமாரியில் மீதியிருந்த அத்தனையும் புதுசு. காலையில் ஒன்றைக் கையிலெடுப்பார், மத்தியானம் அடுப்படி வாசலில் வந்து நிற்பார். “எமி, இதப் பாரேன், டிவியே வேண்டாமாம், கையில வச்சே ஆடலாம்!” என்பார். உலகம் எத்தனையோ வருசம் எடுத்துக்கொண்டு நடந்த தூரத்தை அவர் சில மாதங்களுக்குள் ஓடிக் கடந்தார். அந்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காகவே தெருவில் ஆட்கள் மறுபடி கடைக்கு வந்தார்கள். எமரன்சி கரண்டியை வைத்துவிட்டு அவர் காட்டியதையெல்லாம் பார்த்தாள். முன்பு இதே மனுசன் இதே சந்தோசத்தோடு இதே அடுப்படிக்கு வந்து நின்றபோது, சோறு கொதிக்கிறது, நகருங்க என்று சொன்னவள் அவள்தான். அது அவருக்கு நினைவில்லை. அவளுக்கு நினைவிருந்தது.

ஒருநாள் ஒரு கேசட்டின் திருகாணியைக் கழற்றி உள்ளே காட்டினார். பச்சைப் பலகையின் ஓரத்தில் பொத்தான் அளவுக்கு ஒரு பேட்டரி இருந்தது.

“மொதல்ல வந்த கேசட்டுல இது கெடையாது. கரண்டு போச்சுன்னா அம்புட்டும் போச்சு, ஆரம்பத்துலேருந்து ஆடணும். இதுல அப்படியில்ல. இந்தத் துண்டு பேட்டரி உள்ள வரைக்கும் இது எதையும் மறக்காது.”

“மறக்காம இருக்கறது நல்லதாக்கும்?” என்றாள் எமரன்சி.

“பின்ன? பட்ட பாடெல்லாம் வீணாப் போகலாமா?”

அவள் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள். இந்த மனுசனுக்கா நாம் அந்த வார்த்தையைச் சொன்னோம் என்று நினைத்தாள். இல்லை, இவருக்குச் சொல்லவில்லை, அந்தக் கட்டிலில் கிடந்தவருக்குச் சொன்னோம் என்று நினைத்தாள். கட்டிலில் கிடந்தவர் யார், அவரும் இவர்தானே என்று நினைத்தாள். சொம்பு காலியான பிறகும் அதை வாயில் வைத்தபடியே நின்றாள்.

தெரு, அதற்குள், கிளமெண்டைப் பயன்படுத்தப் பழகிக்கொண்டது. யாரும் கெட்ட எண்ணத்தில் தொடங்கவில்லை. கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் வீட்டுக்குள் நல்லபாம்பு புகுந்த அன்று, “கிளமெண்டக் கூப்புடுங்க, அவருக்கு இன்னும் இருக்குல்ல” என்று யாரோ சிரித்தபடி சொன்னார்கள். அவரும் சிரித்தபடியே வந்து பாம்பைச் சாக்கில் பிடித்துக்கொண்டு போனார். கோயில் கோபுரத்தில் கதண்டு என்கிற விஷவண்டு கூடு கட்டியபோது அவர்தான் ஏறினார். மழையில் அறுந்து தொங்கிய கரண்டு கம்பியைக் கம்பால் தள்ளிவிட்டதும் அவர்தான். கூப்பிடுகிறவர்கள் முதலில் தயங்கிக் கூப்பிட்டார்கள், பிறகு தயங்காமல் கூப்பிட்டார்கள், கடைசியில் அவர் வரக் கொஞ்சம் தாமதமானால் கோபித்துக்கொண்டார்கள். எமரன்சி வாசலில் நின்று பார்ப்பாள். நம் புருசனிடம் மட்டும் இதைக் கேட்கிறார்களே என்று வாய் வரைக்கும் வரும். நீ பேசாதே, நீதான் பெட்டிக்கிட்டே நின்று நிம்மதிப்பட்டவள் என்று அவர்கள் முகமே சொல்கிற மாதிரி இருக்கும். வாயை மூடிக்கொள்வாள்.

கல்லறைத் திருநாள் வந்தது. அம்மாவின் கல்லறையைக் கழுவிப் பூப்போட அக்காவும் தம்பியுமாகப் போனார்கள். பக்கத்திலேயே தன் பேர் எழுதிய சிலுவையைப் பார்த்துக் கிளமெண்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துவிட்டு, “ஏன்க்கா, என் அடக்கத்தன்னைக்கு எமி ரொம்ப அழுதாளா?” என்று கேட்டார். தெக்லா வீட்டில் என்றால் ஒரு பொய்யைச் சொல்லிச் சமாளித்திருப்பாள். தாயின் கல்லறை மேல் கையை வைத்துக்கொண்டு அவளால் முடியவில்லை. இருந்ததை இருந்தபடி சொன்னாள்.

கிளமெண்ட் வீட்டுக்கு வந்து சண்டை போடவில்லை. சாப்பாடு போட்டாள், சாப்பிட்டார். சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துப்போய்க் கழுவினார். “எமரன்சி, சோப்பு தீந்துட்டு” என்றார், முழுப் பேரைச் சொல்லி. அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் தட்டைக் கழுவினார், தன் துணியைத் துவைத்தார், தன் படுக்கையைத் தானே விரித்தார். இனி ஒருக்காலும் தனக்காக அவள் குனிய வேண்டியிருக்கக் கூடாது என்பதில் கவனமாக இருந்தார். அது தண்டனையில்லை, மரியாதை. அதனால்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவர் அடித்திருந்தால், நாலு வார்த்தை திட்டியிருந்தால், அவளும் நாலு சொல்லியிருப்பாள், நீங்க கட்டிலில் கிடந்த கதை தெரியுமா என்று கத்தியிருப்பாள். கழுவி வைத்த தட்டிடம் எதைக் கத்துவது?

கிறிஸ்மஸ் நெருங்கிய சமயத்தில் கோயில் கிணற்றுக்குள் தண்ணீர் மோட்டார் விழுந்துவிட்டது. மூடியே கிடந்து விஷக்காற்று தங்கிய கிணறு அது. முன்பொருமுறை உள்ளே விழுந்த ஆட்டுக்கிடாயைப் பிணமாகத்தான் எடுத்தார்கள் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஹென்றி கோமஸ் நாலைந்து பேரோடு கடை வாசலுக்கு வந்தார்.

“கிளமெண்டு, கோயில் காரியம்டே. கயிறு கட்டித்தான் எறக்குவோம். அப்படியே ஒண்ணு ஆனாலும், ஒனக்குத்தான் இருக்கே.”

கிளமெண்ட் உள்வாசலில் நின்ற எமரன்சியைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை நாளில் இப்படி எதற்கும் அவளைக் கேட்டதில்லை.

“போகட்டா?” என்றார்.

அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எமரன்சிக்குத் தெரிந்தது. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லு, நான் அந்த இன்னொரு வார்த்தையை விட்டுவிடுகிறேன் என்று அது சொன்னது. அவளும் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் வேறொரு நினைப்பு ஓடி முன்னால் வந்து நின்றது. இறங்கினால் சாவார். செத்தால் திரும்பி வருவார். திரும்பி வந்தால் ஆரம்பத்திலிருந்துதான் வருவார், தெக்லா சொன்னது நினைவிருக்காது, மறுபடி எமி என்பார்.

“ஒங்க இஷ்டம்” என்றாள் எமரன்சி.

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் போனார். கயிற்றை இழுத்தபோது மோட்டார் வரவில்லை, அவர் வந்தார், சவமாக.

இரண்டாவது அடக்கத்தைப் பற்றித் தெருவில் இப்போதும் யாரும் பேசுவதில்லை. அழுதவர்கள் யாருமில்லை என்பதால்தான். பெட்டியை வாங்கிவந்தார்கள், முறைக்குச் செபம் சொன்னார்கள், தூக்கினவர்கள் கல்லறைத் தோட்டம் வரைக்கும் போகக்கூடச் சோம்பல்பட்டுத் தெருமுனையிலேயே இறக்கிவைத்து லேசாகட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றார்கள். மற்றவர்கள் கடை ஷட்டருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். காப்பி வந்தது. யாரோ வாட்சைப் பார்த்தார்கள். எமரன்சி அவருக்குப் பிடித்த மீன் குழம்பை வைத்து, சூடு ஆறாமல் மூடிவைத்துவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். புருசனின் சவம் தெருமுனையில் இருக்கும்போது புதுச்சேலையின் மடிப்பைச் சரிசெய்கிற தன் கையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

மினுக்கி மினுக்கி அவர் வந்தார். நிலைத்ததும் சுற்றி ஒரு பார்வை பார்த்தார், நாற்காலிகளை, காப்பி டம்ளர்களை, தெருமுனையில் திறந்திருந்த பெட்டியை. சிரித்துக்கொண்டிருந்த முகம் சுருங்கியது.

“எமி, யாரு செத்தா?” என்றார். “ஏன் ஒருத்தரும் அழல?”

காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் டம்ளரை இறக்கினார்கள். ஒருவர் பின் ஒருவராக எழுந்து, நாற்காலியை மடக்கிக்கொண்டு, அவரவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு தெரு அவரிடம் எதையும் சொல்லாமலிருந்தது. இந்தத் தடவை செத்ததையே சொல்லவில்லை. அம்மா எங்கே என்றதற்கு, தெக்லா சுவரைப் பார்த்துக்கொண்டு, மணப்பாட்டில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றாள். தலை ஏன் நரைத்திருக்கிறது என்றதற்கு, காய்ச்சலில் கிடந்தீர்கள், அதனால் என்றார்கள். அவர் மறுபடி கோட்டிலும் புள்ளியிலும் தொடங்கினார். மறுபடி ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். “எமி, இதப் பாரேன்!” எமரன்சி கேட்டது அவளுக்குக் கிடைத்துவிட்டது, அந்தப் பேர், அந்தக் குரல், அந்தச் சிரிப்பு, ஒன்றும் குறையாமல். அவளால் அந்தச் சிரிப்பை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பரிமாறும்போது அவர் தட்டைப் பார்த்தாள், பேசும்போது அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்தாள்.

டிவி மூலையில் இப்போது ஒன்று என்று இருந்தது. அந்த ஒன்று, இப்போது வாழ்கிற உயிரையும் சேர்த்தா, சேர்க்காமலா? தெரு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. பதில் தெரிந்த ஒரே ஆள் கிளமெண்ட்தான். எமரன்சி ஒரு மத்தியானம் எதுவும் தெரியாதவள் மாதிரி கேட்டாள்.

“அது பெட்டிக்குப் பெட்டி மாறும் எமி. சிலதுல ஒண்ணுன்னா இன்னும் ஒண்ணு கையில இருக்குன்னு அர்த்தம். சிலதுல ஒண்ணுன்னா இதான் கடைசி. செத்துப் பாத்தாத்தான் தெரியும்.” சொல்லிவிட்டு அவளைக் கூர்ந்து பார்த்தார். “ஒனக்கு எதுக்கு இந்தக் கணக்கு?”

மழை விட்டு வெயில் ஏறியதும் ஹென்றி கோமஸ் வந்தார். மோட்டார் கிணற்றுக்குள்ளேயேதான் கிடந்தது. இந்தத் தடவை அவர் உயிர்க் கணக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, விஷக்காற்றைப் பற்றியும் சொல்லவில்லை.

“கிளமெண்டு, சின்ன ஒத்தாச. கோயில் கெணத்துல மோட்டார் விழுந்து கெடக்கு. நீ மெஷின் வேல தெரிஞ்ச ஆளு, எறங்கி ஒரு முடிச்சு மட்டும் போட்டுக் குடுத்துரு.”

“இதுக்கென்ன அண்ணாச்சி, வாரேன்” என்று கிளமெண்ட் எழுந்தார்.

எமரன்சி உள்ளேயிருந்து வந்து கடை வாசலை இரண்டு கையாலும் அடைத்துக்கொண்டு நின்றாள்.

“அவுக வரமாட்டாக.”

“ஏய், அண்ணாச்சி கூப்புடுதாரு...”

“அந்தக் கெணத்துல எறங்கித்தான் போன தடவ செத்தீய.”

அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. தெக்லா தன் வீட்டுப் படியில் வந்து நின்றாள். ஹென்றி கோமஸ், “தங்கச்சி, இப்ப எதுக்கு அதெல்லாம்” என்று கையை அமர்த்திக் காட்டினார். எமரன்சி அவரைப் பார்க்கவில்லை. இத்தனை நாளும் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தவள் இப்போது புருசனின் கண்ணைப் பார்த்தாள், பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள், பக்கவாதத்திலிருந்து, முதல் சவப்பெட்டியிலிருந்து, அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அவள் சொன்னதை, கல்லறைத் திருநாளை, கழுவி வைத்த தட்டுகளை, டிவி மூலையில் ஒன்று என்ற எண்ணோடு நிற்கிற சின்ன முகம் அவருடையதுதான் என்பதை. தெரு கேட்டுக்கொண்டிருந்தது. அவள் வெட்கத்தை அவள் சொல்லச் சொல்ல அவரவர் வெட்கம் அவரவர் காலடியில் வந்து நின்றது.

“கெணத்துக்குப் போகையில நான் ஒண்ணும் சொல்லாமயா போனேன்?” என்று கேட்டார் கிளமெண்ட்.

“போகட்டான்னு கேட்டீய.”

“நீ என்ன சொன்ன?”

“ஒங்க இஷ்டம்னு சொன்னேன்.”

“ஏன்?”

“செத்தா மறந்துருவீயன்னு.”

கிளமெண்ட் உட்கார்ந்தார். கையிலிருந்த திருப்புளியை இப்படியும் அப்படியும் உருட்டினார். “அப்போ அம்மா மணப்பாட்டுல இல்ல” என்றார். எமரன்சி இல்லையென்று தலையாட்டினாள்.

“அம்மா கெடக்குற எடத்தக் காட்டு.”

சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார். அவர் நடந்துபோன வழியெல்லாம் வாசலில் நின்றவர்கள் தலையைக் குனிந்தார்கள். ஹென்றி கோமஸ் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். வழி காட்ட வேண்டியவள் எமரன்சி, ஆனாலும் அவளால் அவருக்கு முன்னால் நடக்க முடியவில்லை, பக்கத்தில் நடக்கவும் முடியவில்லை. பத்தடி பின்னால் நடந்து, வலது பக்கம், இடது பக்கம் என்று பின்னாலிருந்தே சொன்னாள். அவர் திரும்பிப் பார்க்காமல் அவள் சொன்ன பக்கம் திரும்பினார்.

பெரிய ரோடு வந்தது. உப்பு மூட்டை ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. கிளமெண்ட் ஓரத்தில் நின்றார். ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் நடுவே ஒரு சந்து கிடைத்தது, எவரும் ஓடிக் கடந்துவிடக்கூடிய சந்து. அவர் ஒரு காலை முன்னே வைத்தார், பிறகு பின்னுக்கு எடுத்துக்கொண்டார். எமரன்சி பத்தடியையும் மறந்து ஓடிவந்து அவர் சட்டைக் கையின் நுனியைப் பிடித்தாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பிடிக்கவுமில்லை, உதறவுமில்லை. இன்னும் லாரிகள் வந்தன. புழுதி அடங்கும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.